சங்கரலிங்கத்தைக் கூட்டிவரக் கல்கத்தா போனது

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி டிராம் பாதையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுவர் முடிகிற பாடாக இல்லை. உள்ளே யாரோ ஒரே ராகத்தில் பாடிக்கொண்டிருந்தது நான் நடக்க நடக்க என்னோடு கூடவே வந்தது. ஊர்க்காரர்கள் அந்த இடத்தைப் ‘பாக்லா காரத்’ என்றார்கள். பைத்தியச் சிறை என்று அர்த்தம். டாலிகஞ்ச் போகும் வழியில், குளமும் தென்னையும் சேறுமாகக் கிடந்த பகுதி அது. டாக்டர் பாபு கிளம்பிப் போய்விட்டார், நாளைக் காலையில் வா என்று சொல்லி வாசல் காவல்காரன் ராம்லால் சிங் கதவைச் சாத்தியிருந்தான். நான் யார், யாரைப் பார்க்க வந்தேன் என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை. இருட்டுவதற்குள் படுக்க இடம் தேட வேண்டியிருந்தது.

நான் பார்க்க வந்தது சங்கரலிங்கம் பிள்ளையை. கல்கத்தாவில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருடைய அண்ணாச்சிக்குத் தூத்துக்குடியில் ஜவுளிக்கடை. நான் அந்தச் சமயம் ரங்கூனிலிருந்து திரும்பி, வேறு வேலை அகப்படும் வரை அந்தக் கடையில் துணிப் பேல் தூக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. துறைமுகங்களில் அலைந்ததில் இந்துஸ்தானி பேச வரும். எனக்கு வீடு கிடையாது, உறவு கிடையாது, ஆகவே வம்பு பேச ஆளும் கிடையாது. அண்ணாச்சி என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சித்தப்பா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடையின் பின்கட்டுக்கு என்னை அழைத்துப் போய்ச் சொன்னார்:

“போய்ப் பாரு. சரியா இருந்தா கூட்டிட்டு வா. இல்லேன்னா அங்கனயே விட்டுட்டு வந்துரு.”

சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

அன்று காலையில்தான் ஹவுராவில் இறங்கியிருந்தேன். அக்கரையில் கல்கத்தா. நடுவே ஹூக்ளி ஆறு. அப்போது அங்கே இருந்தது மிதவைப் பாலம். படகு படகாகக் கோத்து, மேலே பலகை போட்டது. கப்பல் போவதற்காக நடுவில் ஒரு துண்டைக் கழற்றி ஒதுக்கிவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட்டார்கள். மாட்டு வண்டிகள், பல்லக்கு, கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள், ஒரு கல்யாணக் கோஷ்டி என்று எல்லாரும் நின்றோம். மணமகன் பொறுமையிழந்து படகு பிடிக்க இறங்கினான். அவன் பின்னால் நானும் இறங்கிவிட்டேன். கடலிலிருந்து ஏறிவந்த ஏற்ற நீர் படகை எங்கேயோ தள்ளிக்கொண்டு போய், போகவேண்டிய துறைக்கு வெகு தூரம் வடக்கே ஒரு செங்கல் சூளைச் சேற்றில் செருகியது. மணமகனை முதுகில் தூக்கிக் கரை சேர்த்தவன் நான்தான். சந்தனம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. இப்போது அங்கே ஆற்றுக்குள் தூணே இல்லாமல் பெரிய இரும்புப் பாலம் நிற்கிறதாம். யாரும் காத்திருக்க வேண்டாமாம். எனக்கு அந்தப் பழைய பாலம்தான் கல்கத்தா.

இரவுக்குப் பவானிபூரில் இடம் கிடைத்தது. பாலக்காட்டு ஐயர் ஒருவர் நம் பக்கத்துக் குமாஸ்தாக்களுக்காக ஒரு மெஸ் நடத்திவந்தார். சங்கரலிங்கம் பிள்ளை அங்கேதான் சாப்பிட்டு வந்தாராம். அவர் பெயரைச் சொன்னதும் ஐயர் எனக்கு மோரை இன்னொரு கரண்டி விட்டார். ஆபீசில் பெரிய குமாஸ்தாவோடு ஏதோ தகராறு, அதிலிருந்து ஆள் ஒரு மாதிரியாகிவிட்டார், ஆற்றங்கரையிலேயே நாள் முழுக்க நின்றவரைப் போலீஸ் கொண்டுபோயிற்று என்றார். ஒருதரம் பார்க்கப் போனீர்களா என்று கேட்டேன்.

“போனேன். கதவு வரைக்கும் போனேன். அதுக்கு மேலே கால் வரலை” என்றார்.

மறுநாள் டாக்டரைப் பார்த்தேன். ஒல்லியான வங்காளி. கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டி, காலில் பம்ப் ஷூ போட்டிருந்தார். இந்துஸ்தானியில் பேசினார். வார்த்தைகளுக்கு நடுவே நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். சங்கரலிங்கத்துக்கு ஓர் ஆள் வந்திருப்பது அவருக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது. உறவா என்றார். இல்லை, அனுப்பப்பட்டவன் என்றேன். அதுவும் சரிதான் என்றார்.

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். நோயாளி சாப்பிடுவதில்லை. வந்த புதிதில் இங்கிலீஷில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: பருப்பில் ஏதோ போடுகிறார்கள். விஷம் வைக்கிறார்கள் என்ற நம்பிக்கை இந்த நோயில் சாதாரணம். டாக்டர் அவர் எதிரிலேயே அந்தப் பருப்பைச் சாப்பிட்டும் காட்டியிருக்கிறார். பயனில்லை. சாதிக் கட்டுப்பாடாக இருக்குமோ என்றும் யோசித்திருக்கிறார். ஆனால் சமையல்காரர் அசல் பிராமணர். பிராமணர் சமைத்ததைத் தின்னாத சாதி எது? பிறகு நோயாளி பேச்சையும் விட்டுவிட்டார். இப்போது மூக்கு வழியாக ரப்பர்க் குழாய் செருகி, பாலில் முட்டை அடித்து ஊற்றுகிறார்கள். அதையும் வாந்தி எடுத்துவிடுகிறார். இப்படியே போனால் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்றார் டாக்டர்.

சங்கரலிங்கம் ஒரு மரத்தடியில் இருந்தார். முப்பது வயதுக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால் ஐம்பது சொல்லலாம். மூக்கோரம் புண்ணாகியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து அண்ணாச்சி அனுப்பி வந்திருக்கிறேன் என்றேன். கண் என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றி, ரயிலைப் பற்றி, மணமகனைச் சேற்றில் சுமந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணமகன் என் காதைப் பிடித்துக்கொண்டு வந்தான் என்று சொன்னபோது அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, வலியா என்று தெரியவில்லை.

மத்தியானம் ராம்லால் சிங் என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே சமையல்காரரைத் தாக்குர் என்று கூப்பிட்டார்கள். பூணூலும் தொப்பையுமாக இருந்தார். தூரத்து விருந்தாளி என்று எனக்கும் இலை போட்டார். சோறு, பாசிப்பருப்பு, சுரைக்காய்க் கறி. நான் எதையும் தின்கிறவன். ரங்கூனில் ஞாப்பி என்கிற நாறும் மீன் விழுதுக்கே பயப்படாதவன். பருப்பைப் பிசைந்து வாயில் வைத்தேன். பிரமாதமாக இருந்தது. இரண்டாவது கவளத்தில் ஒரு முள் அகப்பட்டது. கிண்டிப் பார்த்தேன். பருப்புக்கு அடியில் ஒரு பெரிய மீன் தலை கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது. சுரைக்காய்க்குள் பொடி இறால்.

கையில் கவளத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

தாக்குரிடம் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார். சர்க்கார் கொடுப்பது வெறும் பருப்புதானாம். அதைத் தின்றால் நோயாளிக்கு எங்கே தெம்பு வரும்? தம் சொந்தக்காரன் மீன் சந்தையில் இருக்கிறான், அவனிடம் சொல்லித் தலைகளை வாங்கிவந்து தாமாகவே போடுகிறாராம். புண்ணியத்துக்குச் செய்கிற காரியம். அந்த மதராஸ்காரருக்கு மீன் ஆகாது என்றேன். தாக்குர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மீனை விடுவது விதவைகள். அவன் என்ன விதவையா?”

வைஷ்ணவனாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளலாமாம். கழுத்தில் துளசி மாலை இருக்கும். இவனோ வந்த நாளிலிருந்து நெற்றிக்குச் சாம்பல் கேட்கிறான். சாம்பல் பூசுகிறவன் சிவனைக் கும்பிடுகிறவன். சிவனைக் கும்பிடுகிறவனுக்கு மீனில் என்ன தடை? தாமும் பூணூல் போட்டவர், தினம் சிவனுக்கு வில்வம் போடுகிறவர், மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டதில்லை என்றார். அவர் ஊரில் அது நியாயம்தான். திருநெல்வேலியில் திருநீறு பூசிய பிள்ளைமார் வீட்டு வாசலில் மீன்காரி கூடையை இறக்கக்கூட மாட்டாள் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? சங்கரலிங்கத்துக்கும், பிராமணர் கையால் மீன் வரும் என்று கனவிலும் தோன்றியிருக்காது. இத்தனை வருஷம் பாலக்காட்டு மெஸ்ஸை விட்டு வேறெங்கும் அவர் கை நனைத்ததில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் முட்டை, என்று கேட்டார். முட்டையும்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, உனக்குச் சமைக்கத் தெரியுமா என்றார்.

அன்று மாலையே பவானிபூருக்கு நடந்து போய் ஐயரிடம் துவரம் பருப்பு, புளி, பெருங்காயம், ஒரு பொட்டலம் திருநீறு வாங்கிவந்தேன். குயவர் தெருவில் பூஜைக்கான துர்க்கை பொம்மைகள் வைக்கோலும் களிமண்ணுமாக, இன்னும் தலை வைக்காமல் நின்றன. அங்கேயே புதுச் சட்டிகள் வாங்கினேன். மறுநாள் மரத்தடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். பெருங்காயம் பொரிந்ததும் சங்கரலிங்கம் தலையைத் தூக்கினார். ராம்லால் சிங்கும் தாக்குரும் சற்றுத் தள்ளி நின்று, மருந்து காய்ச்சுகிறானா, மந்திரம் செய்கிறானா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“சட்டி புதுசா, வே?”

அவர் பேசிய முதல் பேச்சு அது. புதிது என்றேன்.

“நீரு என்ன ஆளு?”

சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். அவர் வீட்டில் என்னை முன்கட்டுக்கு மேல் விடமாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும்.

“பரவால்ல. கையை நல்லாக் கழுவிட்டுப் போடும்.”

ரசமும் சோறும் தின்றார். மெதுவாக, சத்தமில்லாமல், கண்ணில் நீர் வழிய. புளிப்பு மூக்குப் புண்ணில் எரிந்ததாகப் பிறகு சொன்னார். நான் நம்பியதுபோல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். காலையில் தெருவில் தோல் பையில் தண்ணீர் சுமந்து தெளிக்கிற பிஸ்திக்காரர்கள் போவார்கள். பொரி விற்கிறவன் கூவுவான். நான் சமைப்பேன். பிள்ளைவாள் வேப்பங்குச்சியால் பல் விளக்கி, தலை வாரி, நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொண்டு வந்து உட்காருவார். முழங்காலில் விரலால் டைப் அடித்துப் பழகுவார். டாக்டர் ஆங்கிலப் பத்திரிகை கொடுத்தால் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். பெரிய குமாஸ்தாவைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவார். அந்த ஆள் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சந்தேஷ் மிட்டாய் வைத்திருப்பாராம். திட்டி முடித்ததும் அதில் பாதியைப் பிய்த்துத் தின்பாராம். வாராவாரம் எல்லாரையும் தராசில் நிறுத்துவார்கள். பிள்ளைவாள் ஏறியதும் டாக்டர் முகம் மலரும்.

டாக்டருக்கு ஒரு ஆராய்ச்சி இருந்தது. இந்த இடத்திலிருந்து யார் குணமாகி வெளியே போகிறார்கள், யார் போவதில்லை என்று வருஷக்கணக்காகக் கவனித்துவந்தார். யாராவது பார்க்க வருகிறவர்கள் சீக்கிரம் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் நோய் இலேசாக இருப்பதால் உறவு வருகிறதா, உறவு வருவதால் நோய் இலேசாகிறதா? அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பசித்தவனுக்குச் சோறு போட்டால் சரியாகிவிடுகிறான் என்றேன். அவர் சிரித்தார். சங்கரலிங்கத்துக்கு நோயே இல்லை, பட்டினிதான் என்பது அப்போது என் தீர்மானம். ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று தினமும் நச்சரித்தேன்.

கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். ஒரு நாள் வெளியே அழைத்துப் போ. ஆறு, கடைத்தெரு, கூட்டம், எல்லாம் பார்க்கட்டும். சாயங்காலம் திரும்பி வாருங்கள். பிறகு பேசுவோம்.

பிள்ளைவாள் இஸ்திரி போட்ட கோட்டை ஐயரிடமிருந்து வரவழைத்துப் போட்டுக்கொண்டார். டிராமில் ஏறினோம். மின்சார டிராம் வந்து அதிக காலம் ஆகவில்லை. பாதி வழியில் கம்பியில் மின்சாரம் போய் நின்றுவிட்டது. வெயில் ஏறியது. யாரும் இறங்கவில்லை, டிக்கெட் வாங்கியாயிற்றே. எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு பாபுக்கள் பேசிக்கொண்டதைப் பிள்ளைவாள் என் காதில் தமிழாக்கினார். குதிரை டிராமாக இருந்தால் சாட்டையாவது அடித்துப் பார்க்கலாம், இதை எங்கே அடிப்பது என்றார் ஒருவர். கண்டக்டரை அடிக்கலாம், கம்பெனிக்கு வலிக்காது என்றார் மற்றவர். பிள்ளைவாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தம்பி சரியாகிவிட்டார் என்று அண்ணாச்சியிடம் சொல்லும் வார்த்தைகளை நான் அங்கேயே மனத்துக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு தெருவில் மாணவர்கள் சீமைத் துணிக்கடைக்கு முன்னால் கைகோத்து நின்று, அந்நியத் துணி வாங்காதே என்று பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷங்களில் கல்கத்தா முழுக்க அந்தப் பாட்டாகத்தான் இருந்தது. ஒருவன் என் வேட்டியைத் தொட்டுப் பார்த்து, மான்செஸ்டரா, என்றான். தூத்துக்குடி என்றேன். போகவிட்டான்.

ஆற்றுத் துறைப் படியில் உட்கார்ந்து பொரி வாங்கித் தின்றோம். கடுகெண்ணெய் விட்டுப் பிசறி, தேங்காய்ப் பல்லும் பச்சை மிளகாயும் சேர்த்துக் காகிதக் கூம்பில் கொடுப்பார்கள். அந்த நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு எங்கிருக்கிறேன் என்று மறந்துபோகும். கீழே குளிப்பவர்கள், பூத் தட்டுகள், சேற்று நிறத்தில் நுரைத்து ஓடும் தண்ணீர். நாளைக்கே டிக்கெட்டுக்குக் கேட்டுவிடலாம் என்றேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

அப்போது நடு ஆற்றில் ஒரு ஸ்டீமர் ஊதியது.

பிள்ளைவாள் எழுந்து நின்றார். மடியிலிருந்த பொரியைத் தட்டிவிட்டார். கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டார். “எஸ் சார்” என்றார், ஆற்றைப் பார்த்து. நான் வேடிக்கை செய்கிறார் என்றே நினைத்தேன். இரண்டாவது முறை ஊதியதும் என் பக்கம் குனிந்து, அவசரமாக, மிகவும் தெளிவான குரலில் சொன்னார்:

“கேட்டீரா? சணல் பேல் கணக்குத் தப்புங்காரு பெரிய குமாஸ்தா. எல்லார் முன்னாலயும் வாசிக்காரு பாரும். நான் போய் ஒத்துக்கிட்டா நிறுத்திருவாரு.”

படிகளில் இறங்கத் தொடங்கினார். ஓடவில்லை. ஆபீஸ் மாடிப்படியில் இறங்குவதுபோல் ஒழுங்காக இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நான் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்தேன். அவர் பலம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் போட்ட சோற்றில் வந்த பலம். குளித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மறு கையைப் பிடித்தார். இருவருமாக இழுத்துக் கரையில் உட்கார வைத்தோம். ஸ்டீமர் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே, “வேட்டி நனைஞ்சு போச்சு” என்றார்.

திரும்பும்போது டிராம் நிற்காமல் ஓடியது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஈர வேட்டியை மாற்றச் சொல்லிவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். என் முன்னால் யாரும் அதுவரை நாற்காலியைத் தள்ளியதில்லை.

“நோயும் இருந்தது, பசியும் இருந்தது. இப்போது நோய் மட்டும் இருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை” என்றார்.

குணமாகுமா என்று கேட்டேன். ஆகலாம், ஆகாமலும் போகலாம், இந்த வேலையில் அதற்கு மேல் சொல்பவன் பொய்யன் என்றார். ஆளோடு பேச ஆள் இருந்தால் நல்லது என்பது மட்டும் தம் எண்ணம் என்றார்.

அன்று மாலை பிள்ளைவாளிடம் உட்கார்ந்திருந்தேன். நான் வந்த நாளிலிருந்து கேட்காததைக் கேட்டார். அண்ணாச்சி என்ன சொல்லி அனுப்பினார்? எதற்கு மறைப்பது? சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஜவுளி வியாபாரி. பிரிச்சுப் பாக்காம சரக்கு எடுக்க மாட்டாரு.”

சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். இன்றைக்கு நான் அவரைக் கூட்டிப் போயிருந்தால், வழியில் எத்தனை ரயில் ஊதும் என்று யோசித்தேனா என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார். ஆசை இருந்தும் ஏன் அவர் ஒருதரம்கூட ஊருக்குப் போவோம் என்று தாமாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனக்கு இட்ட கட்டளைப்படி என் வேலை முடிந்துவிட்டது. விட்டுவிட்டு வரவேண்டியதுதான். துணி மூட்டையைக் கட்டினேன். ஒரு ஊரை விட்டுக் கிளம்புவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்ததில்லை. கட்டியதைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்ததும் டாக்டரிடம் விடைபெறப் போனேன். விடை கொடுப்பதற்குப் பதிலாக அவர் ஒரு வேலையைச் சொன்னார். சர்க்கார் அவருக்குக் காவலாள் வைத்துக்கொள்ள மட்டுமே அனுமதி தந்திருக்கிறதாம். தடி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நல்லது என்றார். காவலாள் என்று எழுதிக்கொள்வார், ஆனால் நான் வாசலில் நிற்க வேண்டாம், நடக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. இவன் சாப்பிடவில்லை, இவன் தனக்குள் பேசுகிறான் என்று தாம் எழுதி வைப்பதாகவும், எதைச் சாப்பிடவில்லை, யாரோடு பேசுகிறான் என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். போய், தேடி, அவர்கள் மனிதர்களோடு உட்கார்ந்து, ஒரு வேளை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வந்து சொல்ல வேண்டும். காலையும் மாலையும் மரத்தடியில் சமையலுக்கு நேரம் உண்டு.

அப்படிப்பட்ட உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கேயும் இருக்கவில்லை. சரி என்றேன்.

தூத்துக்குடிக்குச் செய்தி அனுப்பினேன்: தம்பி சாப்பிடுகிறார், பேசுகிறார், இன்னும் குணமாகவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்.

முதல் வேலை அன்றே கிடைத்தது. வடக்கு வார்டில் பெயர் தெரியாத ஒருவர் இருந்தார். கையில் கயிறு உரசிய தழும்பு. தினமும் பொழுது சாய்ந்ததும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எதையோ கையால் இழுப்பார். படகுக்காரராக இருக்கும், கிழக்கு வங்காளத்துக்காரராக இருக்கும் என்பது ராம்லால் சிங்கின் ஊகம். ஹவுரா பக்கத்துத் துறைகளில் அந்த ஊர்ப் படகுகள் கட்டிக் கிடக்கும். அங்கிருந்து தொடங்கு என்றார் டாக்டர்.

ரசத்தை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைவாளிடம் சொன்னேன். மூட்டையோடு வராமல் நான் காவலாளின் காக்கிச் சட்டையோடு வந்து நின்றதை அவர் பார்த்தார். யாரைத் தேடி என்று கேட்டார். சொன்னேன். கதவு வரை கூடவே வந்தார். ராம்லால் சிங் தாழ்ப்பாளைத் தூக்கும்போது என் கையைத் தொட்டார்.

“அவரு ஆளுகளைக் கண்டீர்னா, சரியா இருந்தா கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லாதேயும், வே. ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லும்.”

சொல்கிறேன் என்றேன். கதவு திறந்தது. ஆற்றுப் பக்கமாக நடந்தேன்.